ஏழு மெயிலும் ஒரு போல்ட்டும்

மூன்று வருடங்களுக்கு முன், ஓசூரில் வண்டிகளுக்குப் பிராக்கெட் செய்யும் கம்பெனியில் தர மேற்பார்வையாளராக இருந்தேன். பெங்களூரு கஸ்டமரிடமிருந்து எந்தப் புகார் வந்தாலும் என் பதில் ஒன்றுதான்: 'வி வில் லுக் இன்டு இட்.' அதாவது, விசாரித்துப் பார்க்கிறோம். அனுப்பியதும் ஏதோ வேலையையே முடித்துவிட்ட திருப்தியோடு டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு, அந்தப் பெங்களூரு கம்பெனியின் தர அதிகாரியே கேட்டில் நிற்பதாக செக்யூரிட்டி போன் செய்தார். என் வயதில் பாதிகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு. நானோ ஸ்டோர் ரூமில், அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, நெஞ்சுவலி வந்தால் எந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தொப்பை வெளியே தெரிந்ததால் பிடிபட்டேன்.

அவர் என் மேஜையில் ஒரு பிராக்கெட்டையும் ஒரு போல்ட்டையும் வைத்தார். துளைக்குள் பெயின்ட் அடைத்திருந்ததால் போல்ட் நுழையவில்லை. பக்கத்தில் இதே புகாருக்கு நான் அனுப்பிய 'லுக் இன்டு' மெயில்கள், ஏழு பிரின்ட்.

"பதினொண்ணுக்கு உங்க மேனேஜரைப் பாக்கணும் சார். ஆர்டரை நிறுத்தறதா வேண்டாமான்னு இன்னைக்கு முடிவு. அதுக்கு முன்னாடி உங்ககிட்ட பேசலாம்னு வந்தேன்" என்றார், கன்னடம் கலந்த தமிழில். ஆர்டர் போனால் முதலில் போவது என் நாற்காலிதான்.

"லுக் இன்டுன்னு எழுதறது தப்பில்ல சார். இனிமேதான் பாக்கப் போறீங்கன்னா எழுதுங்க, எந்தத் தேதிக்குள்ளன்னும் சேர்த்து எழுதுங்க. பாத்துட்டா 'வி செக்டு'. காரணம் தெரிஞ்சா 'வி ஃபவுண்ட்'. சரி பண்ணிட்டா 'வி ஃபிக்ஸ்டு'. ஏழு தடவை பாக்கறேன்னு சொன்னவர் ஒரு தடவையாவது சேரை விட்டு எந்திரிக்கணும் இல்லியா? பன்னி, போலாம்."

கன்னடத்தில் 'பன்னி' என்றால் 'வாங்க' என்பது நல்லவேளை தெரிந்திருந்தது; எழுந்தேன். பெயின்ட் பிரிவுக்குப் போய்ச் சேர பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெயின்ட் அடிக்கும்போது துளையை மூடும் ரப்பர் மூடிகள் தேய்ந்துபோயிருந்தன. அங்கே வேலை செய்யும் கெலமங்கலத்து அக்கா இடுப்பில் கை வைத்தார்.

"போன மாசமே சொன்னனே சார்! பாக்கறேன்னு சொல்லிட்டுப் போனவரு இப்பத்தான் வர்றீங்க!"

தமிழிலும் அதே பதிலைத்தான் சொல்லியிருக்கிறேன்! அதிகாரி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கு அங்கிருந்த பெயின்ட் டிரம்மில் இறங்கிவிடலாம் போலிருந்தது.

புது மூடிகள் போட்டு இன்னொரு பிராக்கெட்டுக்குப் பெயின்ட் அடித்துப் பார்த்தோம். போல்ட் துளையில் சுலபமாக இறங்கியது. பத்தரை மணிக்கு, பார்த்தது, கண்டது, சரிசெய்தது என மூன்று வரியில் எட்டாவது மெயில் அனுப்பினேன். பதினொரு மணிக் கூட்டத்தில் அவர் மேனேஜரிடம் காட்டியது அந்த ஒன்றை மட்டும்தான். ஆர்டரும் தப்பியது, நானும் தப்பினேன். கிளம்பும்போது மற்ற ஏழு தாள்களையும் மடித்து என் சட்டைப் பையில் சொருகிவிட்டுப் போனார்.

அவை இன்னும் என் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன. இப்போதும் புகார் வந்தால் கை பழைய பதிலைத் தட்டத்தான் போகிறது. ஆனால் அந்தப் பெண்ணின் புண்ணியத்தில், அதற்குள் கால் எழுந்து நடக்கத் தொடங்கிவிடுகிறது.