சரசக்காவின் சாக்கு

இன்று எங்கள் பனியன் கம்பெனியில் கரண்ட் இல்லை. எடை மெஷினும் ஓடவில்லை. நூற்று எண்பது ஜி.எஸ்.எம். துணி கேட்டிருந்தோம், அதாவது சதுர மீட்டருக்கு அத்தனை கிராம். வந்த துணியை எடை பார்க்காமல் அப்படியே கட்டிங்குக்கு அனுப்பிவிடலாம் என்றேன்.

செக்கிங் பார்க்கும் சரசக்கா இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"வேண்டாங்க சார். இது நூத்தி எழுவத்தி ரெண்டுதானுங்க."

சிரித்துவிட்டேன். கரண்ட் வந்ததும் துணியில் ஒரு வட்டம் வெட்டி எடை போட்டோம்.

நூற்று எழுபத்திரண்டு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது பொறவியிலயே வந்ததுங்களா அக்கா?"

"கொஞ்சந்தானுங்க" என்றபடி மேஜைக்கு அடியிலிருந்து ஒரு சாக்கை இழுத்துப் பிரித்தார்.

உள்ளே முழுக்க வட்ட வட்டமாக வெட்டிய துணிகள். ஒவ்வொன்றிலும் பேனாவால் இரண்டு எண்கள். ஒன்று அவர் தொட்டுச் சொன்னது, இன்னொன்று மெஷின் சொன்னது. அடியில் கிடந்தவற்றில் பத்து, பதினைந்து வித்தியாசம். மேலே வர வர இரண்டும் ஒன்றாகியிருந்தன.

"பதினோரு வருசமுங்க. தெனமும் சொல்லிப்போட்டுத்தான் எடை போடுவனுங்க."

இன்றைய வட்டத்திலும் எழுதி உள்ளே போட்டுக்கொண்டார்.

நானும் டெக்ஸ்டைல் படித்துவிட்டு, அதே பதினோரு வருடமாக அதே துணியைத்தான் தொடுகிறேன். என் மேஜைக்கு அடியில் என் செருப்புதான் கிடக்கிறது.

உங்கள் மேஜைக்கு அடியில் என்னங்க இருக்கிறது?