மூடாமல் விட்ட வேர்கள்

வல்லம் வடகால் போகும் சாலையில் கேபிள் குழாய் புதைக்கும் வேலையை நான் மேற்பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளம் போகும் வழியில் ஒரு புங்கமரம். அதன் நிழலில் ஒரு அம்மா தள்ளுவண்டியில் கூழ் விற்றார். தொழிற்சாலைகளில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள் கூழுக்கு நின்றார்களோ இல்லையோ, நிழலுக்கு நின்றார்கள்.

"அண்ணா, வேர வெட்டிட்டா மரம் பூடும். அப்பால நான் வெயில்ல நிக்கணும். வெயில்ல நின்னு எவன் கூழு குடிப்பான்?" என்றார்.

ஜேசிபி ஓட்டுநர் சிரித்தார். "கையால தோண்டுனா பொங்கல் வந்துடும் சார். வந்தா இன்னா, அக்கா வண்டியிலயே பொங்க வச்சிடலாம்."

கையால்தான் என்றேன். படித்துத் தெரிந்ததல்ல, பல இடங்களில் வேர் வெட்டுப்பட்டு மரம் காய்ந்ததைப் பார்த்துத் தெரிந்தது. ஆட்கள் கடப்பாரை நுனியால் மண்ணை மெல்ல நெம்பிக் கையால் அள்ளினார்கள். "பல்லு குத்துற மாதிரி தோண்ட வச்சிட்டீங்களே" என்றார் ஒருவர். அதை இன்றும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மணிக்கட்டுப் பருமனில் நாலைந்து வேர்கள், ஒன்றுகூட வெட்டுப்படவில்லை. குழாயை அவற்றுக்கு அடியில் நுழைத்தோம்.

மறுநாள் ஆயுதபூஜை. கடப்பாரை, மண்வெட்டி, ஜேசிபி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தாயிற்று. வைத்த பிறகு தொடமாட்டோம். அடுத்து விஜயதசமி, பிறகு சனி, ஞாயிறு. நாலு நாளும் பள்ளம் திறந்தே கிடந்தது. நல்ல வெயில். அந்த அம்மா, வேர்மேல் யாரும் கால் வைக்காமல் காவல் இருந்தார்.

திங்கட்கிழமை பார்த்தால் வேரின் பட்டை சுருங்கி வெடித்திருந்தது. ஈரச் சாக்கு போட்டு மூடியிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததுதான். வெட்டாமல் காப்பாற்றிவிட்ட நிறைவில் மறந்துவிட்டேன். மண்ணைத் தள்ளி மூடினோம்.

பங்குனியில் மரம் துளிர்த்தது. வண்டி நின்ற பக்கத்துக் கிளைகள் மட்டும் துளிர்க்கவில்லை. சித்திரையில் அவற்றை அறுத்துத் தள்ளினார்கள். அன்று அந்த அம்மாவிடம் ஈரச் சாக்கு விஷயத்தைச் சொன்னேன்.

"தண்ணியா? ரெண்டு டிரம்மு தண்ணிய வச்சிகினு நாலு நாளும் இங்கதான குந்திகினு இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஊத்தியிருப்பேனே, அண்ணா."

அவர் நீலத் தார்ப்பாயை வண்டிக்கு மேல் விரித்துக் கயிற்றின் ஒரு முனையை என்னிடம் நீட்டினார். "இப்டி இழுத்துப் புடிங்க."

பிடித்துக்கொண்டு நின்றேன். தார்ப்பாய்க்குக் கீழே நிழல் விழுந்தது. அனலும் அங்கேயே நின்றது. முதல் ஷிஃப்ட் விட்டு வந்தவர்கள் எங்களைப் பார்த்துவிட்டு நிற்காமல் போனார்கள்.