முதல் பக்கத்தோடு முடிந்த வேலை

எங்கள் அரசு மருத்துவமனையில் ஸ்கேனுக்குத் தேதி போடும் எழுத்தரை நாங்கள் ‘காலிமேஜை’ என்றுதான் கூப்பிடுவோம். அன்றைய வேலையை அன்றே முடித்துவிட்டுத்தான் கிளம்புவார். கொஞ்சம் தலைக்கனம் உண்டு. ஆனால் சோம்பேறி என்று யாரும் வாய்தவறிக்கூடச் சொன்னதில்லை.

காகிதம் போய்க் கம்ப்யூட்டர் வந்தது. பயிற்சி என்று எங்களை ஒரு கூடத்தில் அடைத்து, திரையில் எதையோ கடகடவென்று காட்டி, டீ கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பினார்கள். புரிந்ததா என்றார்கள்; தலையாட்டினோம். ஓய்வு பெறப்போகிற வயதில், நேற்று வேலைக்குச் சேர்ந்தவர்கள் முன்னால் சந்தேகம் கேட்க யாருக்கு மனசு வரும்?

தேதி போட்டால் பெயர் பச்சையாகும். திரை முழுக்கப் பச்சையானதும் வேலை முடிந்தது என்று காலிமேஜை எழுந்துவிடுவார். புதிய பெயர்கள் மேலே வந்து உட்கார, தேதி விழாத பழையவையும் அடுத்த பக்கத்துக்கு இறங்கிவிடும். அடுத்த பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அவருடைய அண்ணிக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் ஸ்கேனுக்கு எழுதி அனுப்பியிருந்தார். வாரக்கணக்கில் காத்திருந்துவிட்டு, அண்ணி தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“தம்பி, என் பேரு இன்னும் வரலையா?”

“வந்தா விடுவேனா அண்ணி? என்கிட்ட ஒண்ணுகூட தேங்காது. வந்த அன்னிக்கே போட்டுடறேன்.”

அண்ணி நம்பினார். வலியைப் பொறுத்துக்கொண்டு மேலும் காத்திருந்தார்.

ஒருநாள் மௌஸ் மக்கர் பண்ணியது. சரிசெய்ய வந்த மெக்கானிக், வேலை செய்கிறதா என்று பார்க்க, திரையின் அடியிலிருந்த அம்புக்குறியை அழுத்தினார். அடுத்த பக்கம் திறந்தது. பச்சை ஏறாத பெயர்கள். நடுவில் அண்ணியின் பெயர்.

“இதையெல்லாம் யாருமே பாக்கலையா சார்?”

பக்கத்து மேஜையிலிருந்து நானும் எட்டிப் பார்த்தேன். காலிமேஜையின் முகத்தில் ரத்தமே இல்லை.

மறுநாளே ஸ்கேன் எடுத்தார்கள். முன்பே வந்திருந்தால் ஆபரேஷன் செய்திருக்கலாம், இனி வலிக்கு மருந்து மட்டும்தான் என்றார் டாக்டர். விசாரணைக்கு வந்த அதிகாரி, பயிற்சியில் காலிமேஜை போட்ட கையெழுத்தைக் காட்டி, “தெரியும்னு எழுதிக் கொடுத்திருக்கீங்களே” என்றார். அந்தப் பயிற்சியை நினைத்து எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அண்ணியைப் பார்க்க நானும் அவருடன் போனேன். பெயர் அடுத்த பக்கத்தில் கிடந்ததை வீட்டில் அவர் சொல்லியிருக்கவில்லை. பாதி உடம்பாகிப் போயிருந்த அண்ணி எழுந்து உட்கார முயன்றார்.

“தம்பி மட்டும் அங்க இல்லேன்னா எனக்குத் தேதியே கிடைச்சிருக்காதுங்க” என்றார் என்னிடம்.

அண்ணன் தம்பியின் தோளைத் தட்டிக்கொடுத்தார்.