தட்டிப் பார்க்க முடியாத கேமரா

திருமால் கண்ணால் பார்ப்பதை நம்புகிறவர் அல்ல. முகூர்த்த நாட்களில் கல்யாணப் படம் எடுத்துக் கொடுக்கும் ஒருவருக்கு இது விநோதமான குணந்தான். ஆனால் மற்ற நாட்களில் அவருக்குச் சோறு போடுவது காது.

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டையில், ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் அவர் செக்கர். மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கும் வெள்ளைப் பீங்கான் இன்சுலேட்டர்கள் சூளையிலிருந்து ஆறி வந்ததும், ஒவ்வொன்றையும் இடது கையில் தூக்கிப் பிடித்து, வலது கையில் இருக்கும் சிறு மரக்கட்டையால் ஒரு தட்டு. ‘ணங்’ என்றால் தேறியது. ‘டொக்’ என்றால் உள்ளே மயிரிழை விரிசல். பின்பக்கக் குவியலுக்குப் போகவேண்டியது. இருபத்திரண்டு வருடமாக இந்த இரண்டே தீர்ப்புகள். மேல்முறையீடு கிடையாது.

தேங்காயையும் தர்பூசணியையும் எல்லோரும்தான் தட்டுவார்கள். திருமால் ஹெல்மெட்டைத் தட்டினார். கதவைத் தட்டினார், திறக்கச் சொல்வதற்காக அல்ல. திட்டக்குடியில் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போன வீட்டில், காபி வருவதற்குள் அவர்களுடைய தேக்கு மேசையைத் தட்டிப் பார்த்து, “உள்ள ஒட்டுப்பலகை” என்று மனைவி பூங்கோதையிடம் சொன்னார். சொன்னது மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் கேட்டது. அந்தச் சம்பந்தம் அந்த மேசையோடு நின்றது. மேசை ஒட்டுப்பலகைதான் என்பது பிறகு தெரிந்தது. அதனால் அவர் திருந்த வழியில்லாமல் போயிற்று.

ஆகவே, ஒன்பது வருடம் பழகிய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒரு நாள் ‘டச்சக்’ என்பதற்குப் பதிலாக ‘டப்’ என்று சொன்னபோது அவர் திடுக்கிட்டது நியாயந்தான். பட்டனை அழுத்தினால் உள்ளே இருக்கும் சிறு கண்ணாடி எழும்பி இறங்கும். அந்தச் சத்தந்தான் அது. படம் என்னவோ பளிச்சென்று விழுந்தது. படத்தை யார் கேட்டார்கள்? ஆவணியில் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணம் ஒப்புக்கொண்டிருந்தார். தாலி கட்டும் நேரத்தில் கண்ணாடி எழும்பி அப்படியே நின்றுவிட்டால்?

அதே மாதத்தில்தான் ‘டொக்’குகளும் பெருகின. பத்துக்கு ஒன்று கழிந்த இடத்தில் பத்துக்கு ஆறு கழிந்தது. சூளை எரிப்பவர் வேப்பூர்க்காரர் பாவாடை. அவர்மேல் திருமாலுக்குச் சந்தேகம். சூடு முழுக்க இறங்குமுன் சூளைக் கதவைத் திறந்தால் சாமான் விரிசல் விடும். ஏன் முன்னதாகத் திறக்கவேண்டும்? வேப்பூர் பஸ்ஸைப் பிடிக்கத்தான். இதை அவர் முதலாளியிடமும் சொன்னார். ராஜமாணிக்கம் பாவாடையைக் கூப்பிட்டு, “சனிக்கிழமையோட நின்னுக்கப்பா. வேற ஆளு பாத்துக்கிறேன்” என்று முடித்துவிட்டார்.

பாவாடை எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அவர் சொன்னது திருமாலுக்குச் சரியாகக் கேட்கவில்லை. குற்றமுள்ளவன் குரல் உள்ளேதான் போகும் என்று நினைத்துக்கொண்டார். போதாக்குறைக்கு, அந்த மாதம் எல்லோருமே முணுமுணுத்தார்கள். பீங்கானுக்குப் பளபளப்பு முலாம் பூசும் பெண்கள் தங்களுக்குள் என்னவோ பேசிக்கொண்டார்கள். பூங்கோதைகூட அடுப்படியில் நின்று குரலைத் தாழ்த்திப் போனில் பேசினாள். ஊரே சேர்ந்து தன்னிடம் எதையோ மறைக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார்.

வியாழக்கிழமை ஆனந்தராஜின் கேமராக் கடைக்குப் போனார்.

“இதுல ஒரு கோளாறும் இல்லண்ணே” என்று பழைய கேமராவைத் திருப்பிக் கொடுத்தான் ஆனந்தராஜ். உடனே புதிதாக ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தான். கோளாறு இல்லையென்று சொன்ன கையோடு புதியதை எடுப்பவனைத் திருமால் உற்றுப் பார்த்தார்.

“மிரர்லெஸ்ஸுண்ணே. உள்ள கண்ணாடியே கெடையாது.”

“கண்ணாடி இல்லன்னா வெல கொறையணுமே. கூட சொல்றியே?”

“வெயிட்டு கம்மிண்ணே. பொண்ணு மாப்ளை கண்ணை அதுவே கண்டுபுடிச்சி ஃபோகஸ் பண்ணிக்கும். ஒங்க பழைய லென்ஸெல்லாம் அடாப்டர் போட்டா இதுலயே ஓடும்.”

“பழசெல்லாம் ஓடும்னா எதுக்குப் புதுசு? எல்லாத்தையும் அதுவே பண்ணும்னா நான் எதுக்கு?”

“நீங்க மொய் எழுதப் போங்க” என்றான் ஆனந்தராஜ்.

திருமால் கேமராவை வாங்கிக் கண்ணில் வைத்தார். “இது டிவிடா. நேர்ல நிக்கிறவன டிவியில எதுக்குப் பாக்கணும்?” விரல் நுனியால் அதன் முதுகில் தட்டினார். ஒன்றும் புலப்படவில்லை. பட்டனை அழுத்தினார். நிசப்தம்.

“எடுத்துச்சா?”

“எடுத்துடுச்சிண்ணே.”

“யாரு சொன்னா?”

ஆனந்தராஜ் பெருமூச்சு விட்டு, எதையோ மாற்றிக் கொடுத்தான். “சத்தம் இல்லாம ஒங்களுக்கு ஒறக்கம் வராது. இந்தாங்க, ரெக்கார்டு பண்ணி வச்ச சத்தம். இப்ப அமுக்குங்க.”

அழுத்தினார். ‘டப்.’

“இதுவும் கெட்டுப்போச்சிடா.”

“அண்ணே, அது ஸ்பீக்கர்ல வர்றது. பாட்டு மாதிரி. அது எப்புடிண்ணே கெடும்? எனக்கு ‘டச்சக்’னு நல்லாதான் கேக்குது.”

திருமால் மறுபடி அழுத்தினார். ‘டப்.’ இன்னொரு தடவை. ‘டப்.’ தேய்வதற்கு உள்ளே கண்ணாடி இல்லை. எழும்பி இறங்க ஒன்றுமே இல்லை. கேமராவை மெதுவாக மேஜைமேல் வைத்தார்.

“ஆனந்து, நீ இப்ப மெதுவாவா பேசுற?”

“வந்ததுலேருந்து கத்திக்கிட்டுதாண்ணே இருக்கேன். தெருவே திரும்பிப் பாக்குது.”

காது டாக்டர் விளக்கை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு, “ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இன்சுலேட்டர் சுட்டு வச்சிருக்கீங்க” என்றார். பல வருடத்துக் களிமண் தூசியும் காதுக் குறும்பியும் சேர்ந்து இறுகியிருந்தன. வெந்நீர் பீய்ச்சி வெளியே எடுத்தார். வாசலுக்கு வந்ததும் ஒரு பஸ் ஹார்ன் திருமாலைக் கன்னத்தில் அறைந்தது.

அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே கம்பெனிக்குப் போய், பின்பக்கக் குவியலிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டினார். ணங். இன்னொன்று. ணங். நல்ல சத்தத்தைக் கேட்டு அவர் பயந்தது அதுவே முதல் தடவை.

பேசாமல் இருந்துவிடலாம். அடுத்த லோடு நன்றாக வரும்; புது ஆள் கெட்டிக்காரன் என்று ராஜமாணிக்கம் சந்தோஷப்படுவார். திருமாலின் காது பழையபடி தெய்வமாகவே இருக்கும். இடையில் பாவாடை மட்டும் இருக்கமாட்டார். இதையெல்லாம் அவர் யோசித்தார் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மேலும் ஏழெட்டு இன்சுலேட்டர் தட்டும் நேரம் யோசித்தார். பிறகு ஆபீஸ் அறைக்குள் போய் எல்லாவற்றையும் சொன்னார்.

அவர் எதிர்பார்க்காதது, முதலாளி நம்பாமல் போவார் என்பதுதான்.

“இருவத்திரண்டு வருசமா தப்பாத காது, பாவாடைய நிறுத்துன ஒடனே தப்பிடுச்சா? ஒனக்கும் அவனுக்கும் என்னா டீலு?”

“டீலெல்லாம் இல்லீங்க. காதுல அழுக்குங்க.”

“நல்லா இருக்குய்யா கதை. இவ்ளோ நாளு அவன்மேல சொன்னே. இன்னிக்கி ஒம்மேல சொல்ற. எத நான் நம்புறது?”

சூளைப் பக்கமிருந்து வந்து வாசலில் நின்ற பாவாடைதான் வழி சொன்னார். “செவப்பு மையில ஊறப் போடுங்க மொதலாளி. விரிசல் இருந்தா மை எறங்கிக் கோடு காட்டிக் குடுத்துடும். கண்ணாலயே பாத்துக்கலாம்.”

கழித்த குவியலிலிருந்து சிலவற்றை மையில் ஊறப் போட்டு, மறுநாள் காலையில் எடுத்துத் துடைத்தார்கள். ராஜமாணிக்கம் மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார். “எனக்கு ஒண்ணும் தெரியல. தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?”

திருமால் வீட்டுக்குப் போய் அந்தப் பழைய கேமராவைக் கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் கிட்டத்தில் வைத்துப் படம் எடுத்தார். ‘டச்சக். டச்சக்.’ ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெரிதாக்கியபோது, உண்மையிலேயே விரிசல் விட்ட சிலவற்றில் விருத்தாசலத்து மணிமுத்தாறு மாதிரி வளைந்து, சிவப்பாக ஒரு கோடு ஓடியது. மற்றதெல்லாம் சுத்த வெள்ளை. கண்ணை நம்பாதவருக்குக் கடைசியில் சாட்சி சொன்னது கண்தான். அதுவும் அவரே சந்தேகப்பட்ட கேமராவின் கண்.

பாவாடை வேலையிலேயே இருந்தார். இனி திருமால் தட்டியதில் பத்துக்கு ஒன்றைப் பாவாடையும் தட்டிப் பார்ப்பார் என்று முதலாளி உத்தரவு போட்டார். வெளியே வந்ததும் பாவாடை, “வேப்பூர் பஸ்ஸுக்காகத் தொறந்தேன்னு சொன்னீங்களாமே?” என்றார். “நான் பைக்கு வாங்கி மூணு வருசம் ஆவுதுங்க.” பதிலுக்கு அவர் நிற்கவில்லை.

காது அடைத்திருந்த மாதத்தில் அவரைப் பற்றி யாரும் முணுமுணுக்கவில்லை. இப்போதுதான் ஆரம்பித்தார்கள். ‘செவுட்டுச் செக்கர்’ என்று முலாம் பூசும் இடத்தில் ஒருத்தி சொல்ல மற்றவள் சிரித்தது, நடுவில் இரண்டு சுவர் இருந்தும், அவருக்குத் தெளிவாகக் கேட்டது.

“அண்ணே, மிரர்லெஸ் எப்ப எடுக்குறீங்க?” என்று ஆனந்தராஜ் போனில் கேட்டபோது, “பழசே நல்லாத்தான்டா இருக்குது” என்று வைத்துவிட்டார்.

ஆவணியில், ஸ்ரீமுஷ்ணத்தில், மாப்பிள்ளை பெண்ணுக்கு மெட்டி போட்டுக்கொண்டிருந்தபோது முதுகுக்குப் பின்னால் யாரோ மெதுவாகக் கேட்டார்கள்: “பேட்டையில காது கேக்காம சாமான கழிச்சாராமே, அவருதானா இவரு?”

திருமால் திரும்பவில்லை. ஒரு படம் போதுமான இடத்தில் ஏழெட்டு எடுத்தார். ‘டச்சக், டச்சக், டச்சக்’ என்று அது ஓய்வதற்குள் அந்தப் பேச்சு வேறு எங்கோ போயிருந்தது.