பொருள் எழுதாமல் விட்ட வரி

ஸ்கொட்லாந்தில் ஓர் ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே வேலை செய்யும் ஒரு பெண்மணி எனக்கு மின்னஞ்சல் எழுதியிருந்தார். என்னோடு பல்கலைக்கழகத்தில் படித்த தோழிதான் என் பெயரைக் கொடுத்திருக்கிறாள். வெள்ளைக்காரர் காலத்தில் இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் துரையாக இருந்தவரின் காகிதங்கள் அவர்களிடம் வந்து சேர்ந்திருந்தன. கடிதங்கள், நாட்குறிப்புகள், மழைக் கணக்குகள். அவற்றோடு, துரை தமிழ் படிப்பதற்காகத் தன் கையால் எழுதிவைத்த சில தாள்களும் இருந்தன. இடப்பக்கம் ஆங்கில எழுத்தில் தமிழ், வலப்பக்கம் அதன் பொருள். தோட்டப் பேச்சுத் தெரிந்த ஒருவர் அதைச் சரிபார்த்துத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

நான் வட்டவளைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் ஆங்கிலம் கற்பிக்கிறேன். அம்மாவும் நானும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில்தான் இருக்கிறோம். அம்மா கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியில் வந்திருந்த அந்தத் தாள்களின் படங்களைப் பார்த்து உரக்க வாசிக்க ஆரம்பித்தேன். துரை காதில் விழுந்தபடி எழுதியிருந்ததால் கண்ணால் பார்த்தால் ஒன்றும் விளங்காது. வாயால் சொல்லிப் பார்த்தால்தான் தமிழ் வரும். 'கொழுந்து' என்பது 'கொலந்து' ஆகியிருந்தது.

"இந்த ஆளுக்கு நாக்கே வளையலயே," என்று அம்மா சிரித்தார்.

சுருக்கா போ. நல்லா எடு. வாய மூடு. நேரத்தோட பெரட்டுக்கு வா. ஒன்றன்பின் ஒன்றாக வாசித்துக்கொண்டே போனேன். கொஞ்ச நேரத்தில் எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. என் அம்மாவை எதிரே உட்காரவைத்து நானே அதட்டிக்கொண்டிருப்பது போலிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

மூன்றாவது தாளின் அடியில் இருந்த வரி மற்றவை போலில்லை. இரண்டு முறை சொல்லிப் பார்த்த பிறகே பிடிபட்டது.

"நான் அவ இல்லீங்க தொரை."

வலப்பக்கம் வெறுமையாக இருந்தது. துரை அதற்குப் பொருள் எழுதவில்லை. ஒருவேளை அவருக்கு அது கடைசிவரை தெரியாமலேயே போயிருக்கலாம்.

"யாரும்மா இப்படிச் சொல்லியிருப்பா?" என்றேன்.

"காலைல பெரட்டுல ஆள் கணக்கெடுக்கையில பேரை மாத்திக் கூப்பிட்டிருப்பான். வேறென்ன?" அம்மா கல்லை எடுத்து வாசலில் எறிந்தார்.

என்னால் அப்படி விட முடியவில்லை. மற்ற வரிகளையெல்லாம் முடித்துவிட்டேன். இதற்கு மட்டும் பொருள் எழுதப் போனால் கை நின்றுவிடும். தாள்களுக்குக் காப்பகம் கொடுத்திருந்த தலைப்பு 'தொழிலாளருக்கு இட்ட கட்டளைகள்'. இது எப்படிக் கட்டளையாகும்? வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வதெழுதுதல் கொடுக்கும்போதும் அந்தக் குரலே காதில் கேட்டது. ஒருநாள் இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் பஸ்ஸில் கடைசிவரை போய்விட்டேன்.

வேறு ஏதாவது குறிப்பு இருக்கிறதா என்று அந்தப் பெண்மணியிடம் கேட்டேன். தாள்களில் தேதி இல்லையாம். அதே பெட்டியிலிருந்த நாட்குறிப்பில் சில பக்கங்களைப் படமெடுத்து அனுப்பினார். மழை பெய்தது. குதிரைக்குக் கால் வீங்கியிருந்தது. ஊரிலிருந்து தங்கையின் கடிதம் வரவில்லை. அந்த வரியைச் சொன்னவளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஹட்டனுக்குப் போய் பொகவந்தலாவை பஸ் பிடித்தேன். துரை குடியிருந்த பங்களா இப்போது உல்லாசப் பயணிகள் தங்கும் விடுதி. வாசல் காவலர் யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று சிங்களத்தில் கேட்டார். என்ன சொல்வதென்று தெரியாமல், இடத்தைப் பார்க்க வந்தேன் என்றேன். அறை பதிவு செய்தவர்கள்தான் உள்ளே போகலாம் என்றார். நல்ல மனிதர், மழைக்கு ஒதுங்க மட்டும் இடம் கொடுத்தார். அங்கிருந்து பார்த்தால் பங்களாவின் பின்பக்கப் படிகள் தெரிந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். மலையிலிருந்து பெண்கள் கொழுந்து நிறுக்க இறங்கிக்கொண்டிருந்தார்கள். யாரையாவது கூப்பிட்டுக் கேட்கலாம் என்று வாயெடுத்தேன். எதைக் கேட்பது? அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

நனைந்து வந்து நின்றதைப் பார்த்ததும் அம்மாவுக்குக் கோபம். துவாயை எடுத்து என்மேல் போட்டார்.

"எதுக்கு இப்புடி அலையிற?"

மனதில் இருந்ததைச் சொல்லிவிட்டேன். துரை யாரையோ பங்களாவுக்குக் கூட்டிவரச் சொல்லியிருப்பான், ஆள் மாறி இவளைக் கொண்டுவந்து நிறுத்தியிருப்பார்கள், அந்தப் படிகளில் நின்றுதான் இவள் அப்படிச் சொல்லியிருப்பாள் என்றேன்.

அம்மா என்னை உற்றுப் பார்த்தார். "அவளுக்கு அப்புடி நடந்திச்சோ இல்லியோ, நீயே நடத்தி முடிச்சிருவ போலருக்கே."

எனக்குச் சுருக்கென்றது. தலையைத் துவட்டிக்கொண்டே நின்றேன். அம்மா அடுப்படிக்குப் போய்விட்டு மறுபடி வந்தார்.

"நானுஞ் சொல்லிருக்கேன் அப்புடி. எம்பேருலயே இன்னொருத்தி இருந்தா. அவ கொழுந்துல முத்தல் எல கெடந்ததுக்கு, மலையில மேப்பார்வ பாத்த கண்டாக்கு எனக்கு அரைப்பேரு போட்டாரு. நான் அவ இல்லீங்க ஐயான்னேன். காதுலயே வாங்கல."

ஒருவர் செய்த தவறுக்கு இன்னொருவருக்கு அரைநாள் சம்பளம் போயிருக்கிறது. இவ்வளவு காலத்தில் அம்மா இதை என்னிடம் சொன்னதே இல்லை.

"அப்புறம் என்னம்மா செஞ்சீங்க?"

"என்ன செய்ய? மறுநாளும் அதே மலைக்குத்தான் போனேன். சட்டையை மாத்து, சளி புடிக்கும்."

மறுநாள் எழுத உட்கார்ந்தேன். நான் நினைத்ததையும் எழுதவில்லை, அம்மா சொன்னதையும் எழுதவில்லை. 'நான் அந்தப் பெண் இல்லை, ஐயா. இது துரை சொன்னதல்ல, துரையிடம் ஒரு பெண் சொன்னது. ஏன் சொன்னாள் என்று தெரியாது.' இவ்வளவுதான். கட்டளைகள் என்ற தலைப்பின் கீழ் இதை வைக்கவேண்டாம் என்றும் கேட்டிருந்தேன்.

பதில் வரவில்லை. ஒவ்வோர் இடைவேளையிலும் விளையாட்டு மைதானத்தின் மேட்டுக்குப் போய், சிக்னல் வருகிற இடத்தில் நின்று பார்ப்பேன். எல்லை மீறிவிட்டேனோ என்றுகூடத் தோன்றியது. கடைசியில் எழுதினார். மேலிடத்தில் பேசவேண்டியிருந்ததாம். அந்த வரியைத் தனியாகப் பதிய ஒத்துக்கொண்டார்கள். பெட்டியைத் திறந்து அந்தத் தாளைத் தானும் மறுபடி பார்த்ததாகச் சொல்லியிருந்தார். கேட்பவர்களுக்கு உச்சரிப்பு விளங்கும்படி அதைக் குரலில் பதிந்து அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தார்.

வீட்டில் பதிந்தேன். போட்டுக் கேட்டால், வகுப்பில் பாடம் வாசிப்பது போலவே இருந்தது.

"இது என்ன வாசிப்பு? குடு இங்க," என்று அம்மா கைப்பேசியை வாங்கினார்.

முதல் தடவை குரலை இறக்கி, தரையைப் பார்த்தபடி சொன்னார். அது பிடிக்கவில்லை போலும். எழுந்து நின்று, தாவணியை இழுத்துச் செருகுகிற வயசுக்காரி மாதிரி முந்தானையைச் செருகிக்கொண்டு, அதே வார்த்தைகளைப் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். இப்போது அதில் கெஞ்சலே இல்லை. அடுத்த வார்த்தை அடியாக விழும் போலிருந்தது.

இரண்டையும் அனுப்பினேன். இதில் எது சரியானது, ஒன்றைத்தான் சேர்க்க முடியும் என்று அந்தப் பெண்மணி எழுதியிருக்கிறார். பதிலை இரண்டு தரம் எழுதி அழித்துவிட்டேன். இன்னும் அனுப்பவில்லை.