பச்சைப் பெயிண்ட் அடித்த கொலுப்படி

செம்பூர்த் திலக் நகரில் எங்களுக்கு வாய்த்தது ஓர் அறையும் ஒரு சமையலறையும்தான். அங்கே குடிவந்த முதல் வருஷமே, மாட்டுங்காவில் பத்துப் பேர் காது கேட்க, என் கையாலேயே கொலுப்படி செய்து காட்டுகிறேன் என்று வாயை விட்டுவிட்டேன். வாயை விடுவது எனக்கு எப்போதுமே சுலபம். ரம்பத்தை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூட அப்போது தெரியாது.

விஷயம் இதுதான். மாமியார் கல்யாணமாகி வந்தபோது பாலக்காட்டிலிருந்து கொண்டுவந்த பொம்மைகள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. அவை மாட்டுங்காவில் மூத்த மருமகள், அதாவது என் ஓர்ப்படி வீட்டில் இருந்தன. பெட்டியை இனி நிரந்தரமாக ஒரு மருமகளிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று மாமியார் பேச்செடுத்தார். இவள் வீட்டில் படிக்கு எங்கே போவது, எண்ணெய் டின்னைத்தான் அடுக்க வேண்டும் என்று ஓர்ப்படி என்னைக் காட்டிச் சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. வாயை விட்டது அப்போதுதான்.

மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்த வருஷம் கொலு என் வீட்டில், படி ஆடாமல் நின்றால் பெட்டி எனக்கு என்றார். ஒரு பொம்மை விழுந்து உடைந்தாலும் பெட்டி மாட்டுங்காவுக்குத் திரும்பிவிடும். எனக்கு அந்தப் பொம்மைகள் வேண்டும். அதைவிட, அவை ஓர்ப்படிக்குக் கிடைக்கக் கூடாது. இரண்டு ஆசையும் ஒரே அளவு நியாயமானதாகத்தான் அன்று தோன்றியது.

பேசாமல் ஓர் ஆசாரியைக் கூப்பிடலாமே என்றார் என் கணவர். நான் பார்த்த பார்வையில் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி உடனே வந்து நின்றாள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவப் பெண். என் வயதுதான். பள்ளிக்கூடத்தில் டீச்சர். உலகத்தில் தனக்குத் தெரியாத வேலை உண்டு என்று அவள் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

"இதுக்குப் போயி ஆசாரியா? எங்க மாமா சர்ச்சுக்கு பெஞ்சு செய்யும்போ பக்கத்துலயே இருந்து பாத்தவ யக்கா நான்" என்றாள்.

பார்த்ததோடு சரி என்பது மறுநாள் காலையிலேயே தெரிந்துவிட்டது. குர்லாவில் மெஷின் வந்திறங்கிய பழைய பெட்டிப் பலகைகளை மலிவாக வாங்கி, ரயிலில் லேடீஸ் டப்பாவில் ஏற்றி, அரை டஜன் பெண்களிடம் ஹிந்தியிலும் மராத்தியிலும் வசவு வாங்கிக்கொண்டு செம்பூரில் இறங்கினோம். அவளுடைய வீட்டுக்காரரின் ரம்பத்தை எடுத்து, ஆளுக்கு ஒரு பக்கம் பலகையை மிதித்துக்கொண்டு, முழு பலத்தோடு அழுத்தினோம். ரம்பம் பாதியில் சிக்கிக்கொண்டு மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை. பலகைமேல் கோபத்தைக் காட்டினால் வேலை நடக்காது என்று புரிய எங்களுக்கு ஒரு நாள் பிடித்தது. பிடியைத் தளர்த்தி, அலகில் மெழுகுவத்தியைத் தேய்த்து, அதன் போக்கில் இழுத்துவிட்டால் ரம்பம் தானாகவே இறங்குகிறது.

ஆணியும் இப்படித்தான். பலகையின் ஓரத்தில் அடித்தால் நேராகப் பிளந்துகொண்டு போயிற்று. எரிச்சலில் ஓர் ஆணியின் கூர்முனையைச் சுத்தியலால் தட்டி மழுக்கிவிட்டேன். அந்த ஆணி மட்டும் பலகையைப் பிளக்காமல் இறங்கியது. அதை நான் கண்டுபிடித்தேன் என்றேன். தன் மாமாவும் அப்படித்தான் செய்வார், சொல்ல மறந்துபோயிற்று என்றாள் அவள். பலகையைச் சீவும் இழைப்புளியை மரத்தின் நாருக்கு எதிராகத் தள்ளினால் பலகை பிய்ந்தது. பூனையின் முதுகைத் தடவுவதுபோல நார் போகும் திசையிலேயே தள்ளினால் சுருள் சுருளாக உதிர்ந்தது. அந்தச் சுருளைக் கண்டதும் வந்த சந்தோஷம் இருக்கிறதே, தலைதீபாவளிக்குக்கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

பக்கச் சட்டங்களில் உளியால் துளை எடுத்து, பலகையின் முனையைச் சீவி அதற்குள் இறக்க வேண்டும், ஆணியை மட்டும் நம்பக் கூடாது என்று அவள் பிடிவாதமாக நின்றாள். துளைகள் எல்லாம் பெரிதாகிவிட்டன. ஆப்பு வைத்து அடித்தோம். ஐந்து படியும் ஏறி நின்றபோது ஆடியது. ஒரு காலை அறுத்தோம், இன்னும் ஆடியது. இன்னொரு காலை அறுத்தோம். அப்புறம்தான் என் கணவர் பேப்பரைத் தாழ்த்தி, கோணல் தரையில்தான் இருக்கிறது, படியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுப் பாருங்கள் என்றார். தள்ளிப் போட்டோம். ஆடவில்லை. இதை முதல் காலை அறுப்பதற்கு முன்னால் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அத்தோடு விட்டிருந்தால் நல்ல பெயர் வாங்கியிருப்போம். ஆனால் பலகைகளில் எல்லாம் கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்துகள் அச்சடித்திருந்தன. அதில் ஒன்று, தலைகீழாக, இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும் என்றது. எப்படியும் வேஷ்டி விரித்து மூடத்தானே போகிறோம் என்றார் கணவர். மாமியார் வேஷ்டியை விரிக்கும்முன் ஒரு நிமிஷம் படியைப் பார்ப்பாரே, அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பெயிண்ட் என்றேன்.

சாக்பொடியில் ஆளிவிதை எண்ணெய் விட்டுச் சப்பாத்தி மாவாகப் பிசைந்து ஆணிக்குழிகளை அடைத்தோம். உப்புத்தாளால் தேய்த்தோம். பச்சைப் பெயிண்டைத் திறந்தால் கட்டியாக இருந்தது. எண்ணெய் ஊற்றினால்தான் தூரிகையில் இழுபடும் என்றாள் அவள். ஆளிவிதை எண்ணெயோ குழி அடைத்ததில் தீர்ந்துபோயிருந்தது. வெளியே மழை கொட்டுகிறது. அமாவாசை நெருங்கிவிட்டது. அவள் நல்லெண்ணெய் கொண்டுவருகிறேன் என்றாள். என் வீட்டுப் படிக்கு நல்லெண்ணெயா? பாலக்காட்டுக்காரிக்கு எண்ணெய் என்றால் தேங்காயெண்ணெய்தான். அவியலுக்கு ஆகிறது, தலைக்கு ஆகிறது, கதவுக் கீலுக்கு ஆகிறது, பெயிண்டுக்கு மட்டும் ஆகாதா? தாராளமாக ஊற்றினேன். தூரிகை வெண்ணெயில் ஓடுவதுபோல ஓடியது. அந்தப் பளபளப்பைப் பார்த்து இரண்டு பேரும் மயங்கிப்போனோம்.

மறுநாள் தொட்டால் விரலில் பிசுக்கென்று ஒட்டியது. மழைக்காலம்தானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அதற்கு அடுத்த நாளும் ஒட்டியது. மேஜை விசிறியைத் திருப்பி வைத்தேன். பெயிண்ட் காயவே இல்லை. ஆளிவிதை எண்ணெய்போலத் தேங்காயெண்ணெய் காயாது என்று யார் கண்டது? அமாவாசையன்று வாசலில் டாக்ஸி வந்து நிற்கும் சத்தம் கேட்டதும், மாமியார் படியைத் தொட்டுவிடப் போகிறாரே என்று கையில் கிடைத்த வேஷ்டியை உதறி விரித்துவிட்டேன். ஆசை ஆசையாக அடித்த பெயிண்டை அவர் கண்ணில் படாமல் மூடிய பெருமையும் எனக்கே. அது என் கணவர் விசேஷத்துக்கென்று வைத்திருந்த மயில்கண் வேஷ்டி என்பது விரித்த பிறகுதான் தெரிந்தது.

டாக்ஸியில் பெட்டியோடு வந்த மாமியார் நல்ல நேரத்தில் பொம்மைகளை வைத்தார். வைத்த பொம்மையை விஜயதசமிவரை நகர்த்தக் கூடாது. எனக்கு அதுதான் பெரிய ஆறுதல்.

ஐந்தாம் நாள் ஓர்ப்படி தன் சின்னப் பெண்ணோடு வந்தாள். வந்ததும், வேஷ்டியின் மடிப்பை நீவிவிடுகிற சாக்கில் படியைக் கொஞ்சம் அசைத்துப் பார்த்தாள். நான் பார்க்காததுபோல இருந்தேன். அவள் சுண்டலை வாங்கக் கை நீட்டிய நேரத்தில் குழந்தை செட்டியார் பொம்மைக்கு ஆசைப்பட்டு, வேஷ்டியின் தொங்கலை இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்பையும் சாய்த்து இழுத்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பெட்டி போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன்.

ஒரு சத்தமும் இல்லை. கண்ணைத் திறந்தால் குழந்தை இன்னும் இழுத்துக்கொண்டிருந்தது. செட்டியார் அசையவில்லை. செட்டிச்சியும் அசையவில்லை. தசாவதாரமும் அப்படியே நின்றது.

"வேஷ்டி ஒட்டிக்கிட்டு யக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரி என் காதில் சொன்னாள். "பெயிண்டு துணி வழியா ஊறி பொம்மையையும் புடிச்சுக்கிட்டு. இனி நாம ரெண்டு பேரும் ஏறி இருந்தாலும் ஒண்ணும் விழாது."

சிரிப்பை அடக்க நான் சமையலறைக்கு ஓடினேன். அங்கே போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. ஒட்டினது சரி, மண் பொம்மையை எப்படிப் பிரிப்பது? இழுத்தால் அடியோடு பிய்ந்து உடையும். உடைந்தால் பெட்டி மாட்டுங்காவுக்கு. மிச்ச நாளெல்லாம் சுண்டலில் உப்புப் போட்டேனா என்றுகூட எனக்கு நினைவில்லை.

விஜயதசமியன்று ஆரத்தி முடிந்ததும் ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். மரப்பாச்சியைப் படுக்க வைக்கலாமே அம்மா என்று நானே எடுத்துக்கொடுத்தேன். மரம் உடையாது. மாமியார் அதைத் தூக்கினார். வரவில்லை. என்னைப் பார்த்தார். மெல்லத் திருகினார். சப்பென்று ஒரு சத்தத்தோடு கையோடு வந்தது. அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். முழுக்கப் பச்சை. மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார்.

"தேங்காயெண்ணெயா?" என்றார்.

ஆமாம் என்றேன். அவர் மரப்பாச்சியைப் படுக்க வைத்துவிட்டு, காலையில் தையல் நூல் எடுத்து வை என்றார்.

காலையில் நூலை இரண்டு கையிலும் இறுகப் பிடித்து, ஒவ்வொரு பொம்மையின் அடியிலும் விட்டு, முன்னும் பின்னுமாக இழுத்து அவரே பிரித்தார். நான் பக்கத்தில் நின்று ஏந்திக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரி சுவரோரம் நின்று ஏசப்பா ஏசப்பா என்று முணுமுணுத்தாள். ஒரு பொம்மைகூட உடையவில்லை. எல்லாவற்றுக்கும் அடியில் பச்சை வட்டம் மட்டும். துணியில் சுற்றிப் பெட்டியில் அடுக்கி மூடினார். பொம்மைகளைப் பாழாக்கிவிட்டோம் என்று நினைத்தோ என்னவோ, என் கணவர் வந்து, மாட்டுங்காவுக்கு டாக்ஸி கூப்பிடவா என்று கேட்டார். நான் பெட்டியின் கைப்பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்ஸி எதுக்குடா?" என்றார் மாமியார். பிறகு என் பக்கம் திரும்பினார். "பெட்டியை வைக்க மேலே ஒரு பரண் அடிச்சுடு. நன்னா அடிப்பே, தெரியறது. ஆனா அதுக்குப் பெயிண்ட் மட்டும் வேண்டாம்."

நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரி ஸ்டூலில் ஏறிச் சுவரைச் சாண் போட்டு அளக்க ஆரம்பித்திருந்தாள்.