ஞாயிறல்லாத நாளில் ஊதிய சங்கு

அந்தச் சங்கை ஊதியது நான்தான்.

போலீஸ்காரன் ஊதவில்லை. துறைமுகத்து ஆள் எவனும் ஊதவில்லை. என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவுமில்லை. தூத்துக்குடியில் என்னைக் கண்டால், "பாவம், அந்த ஜாவாக்காரர்களுக்காக அடி வாங்கிய மனுஷன்" என்று இரங்குகிறார்களே, அத்தனை பேரும் ஏமாந்தவர்கள். ஏமாற்றியவன் நான்!

இதைக் குருவானவரிடம் நான் சொன்னதில்லை. முழங்காலில் நிற்கும்போதுகூட, ஆண்டவருக்குத் தெரியாததா என்று அந்த இடத்தை மட்டும் தாண்டிப் போய்விடுவேன். உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்கு என் முகம் தெரியாது என்பதுதான் என் தைரியம்.

நான் ஓர் உபதேசியார். குருப்பட்டம் பெறாத ஊழியக்காரன். குருவானவர் வராத சின்னக் கோயில்களில் வேதம் வாசித்து ஜெபம் நடத்துகிறவன். பிறந்தது பனங்காட்டு ஊரில். வாலிபத்தில் மலாயா ரப்பர் தோட்டத்தில் சில வருஷம் இருந்ததால் மலாய் பேச வரும். அந்தப் பாஷைதான் என்னை உயர்த்தியது. அதுவேதான் என்னைக் கெடுத்தது...

ஜப்பான்காரன் ஜாவாவைப் பிடித்த வருஷம், அடிபட்ட டச்சுக் கப்பல் ஒன்று நம் கடலில் வந்து நங்கூரமிட்டது. பிறகு கப்பலை இழுத்துக்கொண்டு போனார்கள். அதில் வேலை செய்த கறுத்த மாலுமிகளைக் கரையில் விட்டுவிட்டுப் போனார்கள். கடற்கரைச் சாலையில் பஞ்சு மூட்டை அடுக்கக் கட்டிக் காலியாய்க் கிடந்த கிட்டங்கி அவர்களுக்கு வீடாயிற்று. வள்ளங்களில் மூட்டை ஏற்றினார்கள், கயிறு முறுக்கினார்கள், தோணிகளுக்குத் தார் பூசினார்கள். ஊர் அவர்களை மொத்தமாக ஜாவாக்காரர் என்றது. பாதிப்பேருக்கு மேல் ஜாவாவுக்குக் கிழக்கே உள்ள அம்பொன் தீவுக்காரர்கள். தலைமுறை தலைமுறையாய்க் கிறிஸ்தவர்கள்.

முதல் ஞாயிறு எங்கள் பெரிய கோயிலுக்கு வந்தார்கள். கடைசியில் உட்கார்ந்தார்கள். ஒரு சொல் புரியாமலே எங்கள் பாட்டின் ராகத்தைப் பிடித்துக்கொண்டு நாலு குரலில் பாடினார்கள். சபை முழுவதும் கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. நற்கருணைக்கு அவர்கள் எழுந்து வந்தபோதோ, ஒரே கிண்ணத்தில் குடிக்க மனமில்லாமல் எங்களில் பலர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் சபையில் ஆசீர்வாதம் மூப்பர் வைத்ததே சட்டம். கப்பல் ஏஜண்டு ஆபீஸில் தலைமைக் குமாஸ்தா. வாரம் முழுக்க வெள்ளைக்காரனுக்குத் தலையாட்டியதற்கு ஞாயிற்றுக்கிழமை எங்களை ஆட்டிவைப்பார். அந்த மாலுமிகளுக்கு அவர்கள் பாஷையிலேயே தனி ஆராதனை வைத்தால் அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது என்றார். நமக்கு என்ன நல்லது என்று நான் கேட்கவில்லை. ஏன் கேட்பேன்? எனக்கு ஒரு சபை கிடைக்கிறதே! யாரும் போடாத அஸ்திவாரத்தை நான் போடப்போகிறேனே!

அப்படித்தான் கிட்டங்கிக் கோயில் பிறந்தது.

என் மலாய் தோட்டத்து மலாய். அதட்டத் தெரியும், வேலை ஏவத் தெரியும், ஜெபிக்கத் தெரியாது. நான் ஜெபித்த முதல் ஜெபத்தைக் கேட்டு அவர்கள் தலை குனிந்து சிரிப்பை அடக்கினார்கள். ஆண்டவரை நான் மரம் வெட்ட ஏவியிருக்கிறேன்! மார்க்குஸ்தான் எனக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்தான். கப்பலின் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவன். அகன்ற தோள், மெல்லிய குரல். நான் உபதேசியார், அவன் என் ஆடு என்று வெளியில் பேர். உள்ளே நடந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

கோயிலுக்கு மணி வேண்டுமென்று மூப்பரிடம் கேட்டேன். பார்க்கலாம் என்றார். அந்தப் பார்க்கலாம் வருஷக்கணக்கில் போயிற்று. அதற்குள் மார்க்குஸ், கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர்கள் அளவில் சேராதென்று ஒதுக்கிய சங்கு ஒன்றைக் கேட்டு வாங்கி, அதன் முனையைக் கல்லில் தேய்த்துத் துளை போட்டான். அவன் தீவில் கோயிலுக்கு ஜனங்களை அழைப்பது சங்குதானாம். ஞாயிறு காலை அவன் ஊதினால் உப்பளம் வரைக்கும் கேட்கும்.

வந்ததே வினை! பூசைக்கும் எழவுக்கும் ஊதுகிறதை வேதக்காரன் ஊதலாமா என்று மூப்பர் சபை கூட்டிவிட்டார். அஞ்ஞானப் பழக்கம் என்றார். கிட்டங்கியை மூடிவிடுவேன் என்றார். அன்றைக்கு மட்டும் நான் மனுஷனாக நின்றேன். மணி தாருங்கள், சங்கை நிறுத்துகிறேன் என்றேன். அதோடு நின்றிருக்கக் கூடாதா? பெருமை யாரை விட்டது! அவர்கள் பக்தியைப் பற்றி நானே அளந்தேன். ஞாயிறல்லாத நாளில் சங்கு கேட்டால் யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று அர்த்தமாம், எந்த வேலையையும் போட்டுவிட்டு எல்லாரும் ஓடி வந்தே ஆகவேண்டுமாம், நம் சபையில் அப்படி எத்தனை பேர் வருவோம் என்று கேட்டேன். மூப்பர் அதைக் கேட்டு வைத்துக்கொண்டார்.

நல்ல வருஷங்கள் அவை. முத்தையாபுரத்து ரோசம்மாளை மார்க்குஸ் கட்டிக்கொண்டான். காலராவில் புருஷனை இழந்து, கடற்கரையில் சோறு விற்றுப் பிழைத்தவள். அவன் தமிழைச் சாப்பாட்டோடு சேர்த்துக் கற்றுக்கொண்டான்; குழம்பு, ரசம், மன்னிப்பு என்ற வரிசையில் கற்றதாகச் சொல்வாள். பெண் குழந்தை பிறந்தது. கிட்டங்கிக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற முதல் குழந்தை... என் கையில்தான் முதலில் தந்தார்கள்.

யுத்தம் முடிந்தது. அவர்கள் தேசம் தன்னைச் சுதந்தர தேசமென்று அறிவித்துவிட்ட செய்தி வந்தது. அதுவரை அதை ஆண்ட டச்சுக்காரன் ஒத்துக்கொள்ளவில்லை என்ற செய்தியும் வந்தது. அன்று ஆராதனை முடிந்ததும் மார்க்குஸ் எழுந்து நின்று, தான் அம்பொன்காரனுமல்ல, ஜாவாக்காரனுமல்ல, இந்தோனேசியன் என்றான். அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

சில மாதம் கழித்து டச்சுக் கப்பலொன்று வந்து தூரக் கடலில் நின்றது. ஜாவாவுக்குப் போகிற கப்பல். ஆள் போதவில்லை, இவர்கள் ஏற வேண்டும் என்று உத்தரவு. வள்ளத்தில் மூட்டை ஏற்றப் போனவர்கள் பெட்டிகளைப் பார்த்துவிட்டு வந்தார்கள். துப்பாக்கிப் பெட்டிகள்.

கிட்டங்கிக் கோயிலில்தான் கூடிப் பேசினார்கள். என்னை வெளியே போகச் சொல்லவில்லை. என்னை நம்பினார்கள்! மார்க்குஸ் என் பக்கம் திரும்பி மலாயில் சொன்னான்:

"வீட்டுக்குப் போக மாட்டோம் என்று சொல்லவில்லை, ஐயா. எங்கள் வீட்டைச் சுடப் போகிற கப்பலில் போக மாட்டோம்."

மறுநாள் கிட்டங்கியில் ஒருவரும் இல்லை. உப்பளக் குடிசைகளிலும் கடற்கரை வீடுகளிலும் ஜனங்கள் அவர்களை ஒளித்துவைத்தார்கள். போலீஸ் முத்தையாபுரத்தைக் கிண்டிப் பார்த்தது. ரோசம்மாளின் பானைகளை உடைத்தது. ஒருவனும் அகப்படவில்லை.

அப்போதுதான் மூப்பர் என்னை வீட்டுக்கு அழைத்தார். நாற்காலி போட்டார், அந்த வீட்டில் நான் அதுவரை நின்றுகொண்டே பேசியவன். காப்பி வந்தது. கப்பலில் துப்பாக்கி என்பதெல்லாம் வதந்தி என்றார். அவர்கள் சொந்த மண்ணுக்குப் போய்ச் சேரட்டுமே என்றார். இந்தக் காரியம் நடந்தால் கிட்டங்கியையே கோயிலுக்கு எழுதி வாங்கித் தருவதாகவும், மணியோடு கோபுரம் கட்டலாம் என்றும், எனக்குக் குருப்பட்டத்துக்குச் சிபாரிசு செய்வதாகவும் சொன்னார்.

"நீரு என்ன செய்யணும்? ஒருக்க ஊதணும். அம்புட்டுதான்."

"சங்கு ஊதுறது அஞ்ஞானம்னு சொன்னீங்களே, அண்ணாச்சி."

"நல்ல காரியத்துக்கு ஊதுனா தப்பில்ல, உபதேசியாரே."

வதந்தி என்று நான் நம்பினேனா? இல்லை! பெட்டியைக் கண்ணால் கண்டவன் வாயால் கேட்டவன் நான். ஆடுகளை ஓட்டிவிட்டபின் தொழுவத்துக்கு மணி எதற்கு என்றாவது யோசித்தேனா? அதுவும் இல்லை. வெள்ளை அங்கி போட்டு நான் நிற்பது மட்டும்தான் என் கண்ணுக்குத் தெரிந்தது. காப்பியைக் குடித்து முடித்தேன். நன்றாயிருந்தது என்றுகூடச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை. உச்சி வெயில். கிட்டங்கி வாசலில் நின்று சங்கை வாயில் வைத்தேன். ஊதும் விதத்தை மார்க்குஸ்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தான். அவசரத்தில் அழுத்தியதில் தேய்த்த முனை உதட்டைக் கிழித்துவிட்டது. இரத்தம் வாயில் உப்புக் கரித்தது. நிறுத்தியிருக்கலாம்... துடைத்துக்கொண்டு மறுபடியும் ஊதினேன்.

வந்தார்கள். ஐயோ, எல்லாருமே வந்தார்கள்! ஒருவன் ஈர உடம்போடு வந்தான். ஒருவன் வலை பின்னுகிற ஊசியைக் கையில் பிடித்தபடியே வந்தான். காய்ச்சலாய்க் கிடந்தவனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். மார்க்குஸ் எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தான். அவன் வலது கையில் சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது.

என் உதட்டில் இரத்தத்தைப் பார்த்தான். அதற்குள் கிட்டங்கியின் பின்பக்கத்திலிருந்து போலீஸ் வெளியே வந்தது. அவன் ஓடியிருக்கலாம். ஓடவில்லை. என்னை அடித்துவிட்டார்கள் என்று நினைத்து, இரண்டு கைகளையும் விரித்து எனக்கு முன்னால் நின்றான். என்னைக் காப்பாற்ற நின்றான்!

சப்-இன்ஸ்பெக்டர் அவன் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து, மரியாதையாகத்தான் சொன்னார்.

"நீங்க போலாம், உபதேசியாரே. ஒங்க வேல முடிஞ்சுது."

ரோசம்மாளிடம் கற்ற தமிழ் அவனுக்குப் போதுமானதாக இருந்தது. விரித்த கைகள் மெல்ல இறங்கின. திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். பிறகு என் கையிலிருந்த சங்கைப் பார்த்தான். திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

துறைமுகத்துக் கடற்பாலத்தில் நிறுத்தி, படகில் ஏற்றிக் கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். சாயங்காலம் கப்பல் கிளம்பிவிட்டது.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோசம்மாள் ஓடி வந்தபோது கிட்டங்கி வாசலில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அவள் முந்தானையை நனைத்து என் உதட்டைத் துடைத்தாள்.

"போட்டு அடிச்சானுவளாய்யா?"

தலையாட்டினேன். ஆம் என்று தலையாட்டினேன்! என்னை அடித்துச் சங்கைப் பிடுங்கி ஊதிவிட்டார்கள் என்றே அவளும் ஊரும் நினைத்தார்கள். சங்கை ஊதியதைக்கூட ஒருவேளை ஆண்டவர் மன்னிப்பார். அந்தத் தலையாட்டலை...?

அடுத்த வாரமே கிட்டங்கியைப் பூட்டி உப்பு மூட்டை அடுக்கினார்கள். நான் மூப்பரிடம் ஓடினேன். மணியைக் கேட்டேன், எனக்கு வாக்குக் கொடுத்ததைக் கேட்டேன். சபையே இல்லாத இடத்துக்கு மணி எதுக்குவே என்றார். இந்த முறை நாற்காலி போடவில்லை. குருப்பட்டத்தின் பேச்சு அதன்பின் அவர் வாயில் வரவேயில்லை. என்னை ஏமாற்றிவிட்டார், கழுத்தறுத்துவிட்டார் என்று நான் குமுறினேன். இன்றும் குமுறுகிறேன். கேலியைப் பாருங்கள்... துரோகத்தைப் பற்றி நான் குமுறுகிறேன்! போன வருஷம் நம் தேசம் விடுதலை பெற்ற நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் கொடி ஏற்றியவரும் அந்த மூப்பர்தான். நானும் நின்று கை தட்டினேன்.

போனவர்களிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. சிறையில் போட்டார்களா, கடலில் தள்ளினார்களா, ஊர் போய்ச் சேர்ந்தார்களா... கொழும்பிலிருந்து வருகிற ஒவ்வொரு கப்பல்காரனிடமும் ரோசம்மாள் விசாரிக்கிறாள். பண்டிகை தோறும் எனக்குச் சோறு கொண்டுவந்து வைக்கிறாள். தன் புருஷனுக்காக அடிபட்டவன் அல்லவா நான்!

போன மாதம் வந்தாள். மகளுக்கு நாலு வயது நடக்கிறது. அவனுடைய அதே அகன்ற நெற்றி. மடியிலிருந்து துணிப் பொட்டலம் ஒன்றை எடுத்து அவிழ்த்தாள். சங்கு. அன்றைக்கு மணலில் கிடந்ததை எடுத்து வைத்திருந்தாளாம்.

"சோத்துல கைய வச்சவரு, இந்தச் சத்தம் கேட்டதும் எந்திச்சிட்டாரு. 'உபதேசியாருக்கு என்னமோ ஆவத்து'ன்னாரு. கைகூடக் கழுவல. ஒருக்க ஊதுங்கய்யா. இன்னைக்கு ஞாயித்துக்கெழம இல்லல்லா? எங்கன இருந்தாலும் வந்துருவாரு."

குழந்தை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தச் சத்தத்துக்கு உலகத்தில் எவன் வந்தாலும் மார்க்குஸ் வர மாட்டான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எழுந்து நின்று சொல்லியிருக்க வேண்டும்... எனக்கு நெஞ்சு வலி, இப்போது ஊத முடியாது என்றேன். அவள் பதறிப்போய்ச் சுக்கு தட்டிக் கொதிக்க வைத்துக் கொடுத்தாள். உடம்பு தேறினதும் ஊதுங்கள் என்று சங்கை என்னிடமே வைத்துவிட்டுப் போனாள்.

வேதப் புஸ்தகத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அதன் முனையில் என் இரத்தம் இன்னும் கறுப்பாய் ஒட்டியிருக்கிறது. நாளைக்குப் பண்டிகை, அவள் சோறு கொண்டுவருவாள். வலி தேறிவிட்டதா என்று கேட்பாள்.